கட்டளை யார் கையில்? ஊட்டத்தூர்ச் சாலையில் மோதிய இரண்டு கம்பெனிகள்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி வரும் பாடாலூர், நாரணமங்கலத்து எம்.ஆர்.எஃப். டயர் ஆலையாலும் சுற்றுவட்டாரத்தின் சின்ன வெங்காயத்தாலும் வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகமான ஊர். அதற்கு வடக்கே வாலிகண்டபுரமும், சற்றே கிழக்கே ஊட்டத்தூரும் இருக்கின்றன. இந்த இரண்டு ஊர்களையும் இணைத்துக் கொள்ளிடக் கரைக்கு இறங்கும் வழியில், 1751ஆம் ஆண்டிலும் 1752ஆம் ஆண்டிலும் இரண்டு வணிக நிறுவனங்கள் ஆயுதம் ஏந்தி மோதின. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆகிய அந்த இரண்டும் பங்குதாரர்களும் இயக்குநர் குழுவும் கிளை மேலாளர்களும் சம்பள எழுத்தர்களும் கொண்ட நிறுவனங்கள் என்பதால், தொழில் தலைமையைப் பற்றி வரலாற்றிடம் கேட்க விரும்புவோருக்கு அலெக்சாந்தரையும் நெப்போலியனையும்விட இந்தச் சாலை நெருக்கமான சான்றைத் தருகிறது.

இதைச் சான்று என்று சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒரு நிறுவனம் ஏன் வென்றது, ஏன் தோற்றது என்று ஆராயும்போது, முதல், ஆள்பலம், சந்தை, காலம் ஆகிய எல்லாமே ஒருசேர மாறிவிடுவதால், தலைமையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இயலாத காரியம். இங்கேயோ அதே ஆங்கிலேயக் கம்பெனி, ஏறத்தாழ அதே ஆட்கள், அதே சாலை, அதே எதிரி என்று எல்லாம் இருக்க, ஓராண்டுக்குள் வெட்கக்கேடான தோல்வி முழு வெற்றியாக மாறியது. மாறியவற்றுள் முதன்மையானது, யார் யாருக்குக் கட்டளையிடுவது, களத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்ற ஏற்பாடுதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்டனர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே முன்னவரையும், ஆங்கிலேயர் பின்னவரையும் ஆதரித்தனர். முகமது அலியின் கையில் எஞ்சியிருந்த முக்கியமான இடம் திருச்சிராப்பள்ளி. அதை நோக்கி சந்தா சாகிப் பெரும்படையுடன் வந்தபோது, வழியிலேயே தடுப்பதற்காக ஆங்கிலேயர் கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஒரு படையை வாலிகண்டபுரத்துக்கு அனுப்பினர். இன்று ரஞ்சன்குடிக் கோட்டையோடு சேர்த்துப் பேசப்படும் அந்த வட்டாரத்தின் பாறைக்கோட்டை ஒரு கில்லேதாரின், அதாவது கோட்டைக் காவல் தலைவரின், பொறுப்பில் இருந்தது. அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கத்துக்கே சாலை சொந்தம் என்ற நிலையில், இரு தரப்பும் அவரிடம் பேரம் பேசின. அவர் இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் நாள் கடத்தினார்.

பொறுமை இழந்த ஜிஞ்சன், கோட்டைக்கு வெளியே இருந்த பேட்டையைத் தாக்கித் தீ வைத்தார். கோட்டையைப் பிடிக்கவும் முடியவில்லை. அதுவரை நடுவில் நின்ற கில்லேதார் பிரெஞ்சுக்காரரை உதவிக்கு அழைத்துக்கொண்டார். மறுநாள் எதிரிப்படை முன்னேறி வந்தபோது நடந்ததை, கம்பெனியின் ஊழியராக இருந்து அதன் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். முடிவெடுக்க வேண்டிய வேளையில் அதிகாரிகள் கூடிக் கூடிப் பேசினர். அவர்களுடைய தயக்கம் சிப்பாய்களின் கண்முன்னேயே வெளிப்பட்டது. ஐரோப்பியப் பட்டாளம் கலைந்து ஓடியது. முகமது அலியின் சகோதரர் அப்துல் வகாப் குதிரையில் வந்து, ஓடியவர்களை முகத்துக்கு நேரே கண்டித்தும் பயனில்லை. ஓடுகிறவர்களை நிறுத்த முயன்று தோற்றவர்களுள், படைக்கு உணவும் தளவாடமும் சேகரித்துத் தரும் பொறுப்பில் உடன் வந்திருந்த ராபர்ட் கிளைவ் என்ற இளைஞரும் ஒருவர். அன்று இரவே படை ஊட்டத்தூர்க் கணவாய்க்குப் பின்வாங்கியது. அங்கும் நிலைக்க முடியாமல் கொள்ளிடத்தைக் கடந்து திருச்சிக்குள் ஒதுங்கியது.

கலந்து பேசுவது தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஜிஞ்சனின் பிழை ஆலோசனை கேட்டதில் இல்லை. கேட்க வேண்டிய பொழுதில் கேட்காமலும் கட்டளையிட வேண்டிய பொழுதில் கேட்டுக்கொண்டும் இருந்ததில்தான் இருக்கிறது. கில்லேதாருடன் பேரம் நீண்ட நாள்களில், பேட்டையைக் கொளுத்தினால் அவர் எந்தப் பக்கம் போவார் என்று உடனிருந்தவர்களிடம் விசாரிக்க வேண்டிய அளவுக்கு நேரம் இருந்தது. அப்போது சினம் முடிவெடுத்தது. எதிரி கண்ணில் பட்ட பிறகு குழு முடிவெடுக்க முயன்றது. இன்றும் நெருக்கடி நேரத்தில் அடுத்தடுத்துக் கூட்டம் கூட்டி, நெருக்கடி இல்லாத மாதங்களில் ஒருவரையும் கேட்காமல் இயங்கும் நிறுவனங்கள் இதே வரிசைப் பிழையைச் செய்கின்றன. தலைவரின் தயக்கம் கூட்ட அறைக்குள்ளேயே நிற்பதில்லை. ஆலையின் கடைசி ஷிப்ட் வரை அது ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்தத் தோல்விக்குப் பின் ஆங்கிலேயர் எடுத்த முடிவில் அதிகம் பேசப்படுபவர் கிளைவ். பேசப்பட வேண்டியவர் தாமஸ் சாண்டர்ஸ். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து சோழமண்டலக் கரையின் ஆங்கிலேய வணிகத்தை நிர்வகித்த இவர், போர்வீரர் அல்லர்; கம்பெனியின் வணிக அதிகாரி. திருச்சியில் எதிரி பலமாக இருப்பதால் அங்கே மோதாமல், அவன் போதிய காவலின்றி விட்டுவந்த தலைநகர் ஆர்க்காட்டைத் தாக்கினால் அவன் படையைப் பிரித்தே ஆக வேண்டும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டபோது, சாண்டர்ஸ் அதை ஏற்றார். சென்னையிலும் தேவனாம்பட்டினத்திலும் மிகக் குறைந்த காவலரையே வைத்துக்கொண்டு, 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் கிளைவிடம் ஒப்படைத்தார். உடன் சென்ற எட்டு அதிகாரிகளில் ஆறு பேர் போர்க்களத்தையே பார்த்திராதவர்கள். நான்கு பேர் கணக்குப் பேரேடுகளிலிருந்து எழுந்து வந்த கம்பெனி ஊழியர்கள். கிளைவே 1744இல் ஆண்டுக்கு ஐந்து பவுன் சம்பளத்தில் சென்னைக்கு வந்த எழுத்தர்தான்.

அதிகாரப் பகிர்வு என்று மேலாண்மை நூல்கள் சொல்வது, வேலையைக் கீழே தள்ளிவிட்டு முடிவை மேலேயே வைத்துக்கொள்வது அன்று. முடிவெடுக்கும் உரிமையையும் அதற்குத் தேவையான வளத்தையும் சேர்த்துக் கொடுத்து, தோல்வி வந்தால் அதில் தன் பங்கை ஏற்பது. சாண்டர்ஸ் செய்தது அதுவே. லண்டனிலிருந்து ஒரு கடிதம் கப்பலில் வந்து சேர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும் காலத்தில், இயக்குநர்களின் அனுமதிக்காகக் காத்திருந்தால் திருச்சி போயிருக்கும். 1751 ஆகஸ்ட் இறுதியில் புறப்பட்ட கிளைவ், ஆர்க்காட்டைச் சண்டையின்றிக் கைப்பற்றி, பின்னர் அங்கே ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். எதிர்பார்த்தபடியே சந்தா சாகிப் திருச்சியிலிருந்து ஒரு பெரும் பிரிவை ஆர்க்காட்டுக்கு அனுப்ப நேர்ந்தது.

எதிரி பலமாக நிற்கும் இடத்தை விட்டுவிட்டு அவன் கவனிக்காத இடத்தில் நுழைவது என்ற இதே தேர்வை, பாடாலூருக்கு அருகில் இன்று ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் தொடக்க வரலாற்றிலும் பார்க்க முடியும். கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் தொடங்கியது பொம்மை பலூன் செய்யும் தொழில். அன்றைய டயர் சந்தை டன்லப் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் கோட்டை. அதை அவர் உடனே முட்டவில்லை. தேய்ந்த டயரின் மேல் புதிய பட்டையை ஒட்டி மீண்டும் ஓடவைக்கப் பயன்படும் ட்ரெட் ரப்பரை 1952இல் தயாரிக்கத் தொடங்கி, 1956 முடிவதற்குள் அந்தச் சந்தையில் பாதியைப் பிடித்த பிறகே, 1961இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் டயர் உற்பத்திக்கு வந்தார். லாரி உரிமையாளர், பணிமனைக்காரர், விற்பனை முகவர் ஆகியோரின் நம்பிக்கையை அந்த ஒன்பது ஆண்டுகள் ஈட்டிக் கொடுத்திருந்தன. ஆர்க்காட்டுக் கதையைச் சொல்லித் துணிவை மட்டும் புகழ்வோர், இப்படிப்பட்ட பொறுமையான இடத் தேர்வைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மீண்டும் ஊட்டத்தூர்

1752 மார்ச்சில் கம்பெனியின் மூத்த படை அதிகாரி மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். வெற்றிகளோடு இருந்த கிளைவ் அவருக்குக் கீழே பணியாற்ற வேண்டியதாயிற்று; இருவருக்கும் இடையே அதனால் உரசல் ஏற்படவில்லை. திருச்சியில் ஆங்கிலேயர் கை ஓங்கியதும், பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். படையை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியைக் கொள்ளிடத்துக்கு வடக்கே நிறுத்தினால், புதுச்சேரியிலிருந்து ஊட்டத்தூர் வழியாக வரும் உணவையும் உதவியையும் அறுத்துவிடலாம் என்பது கிளைவின் யோசனை. லாரன்ஸ் ஒப்புக்கொண்டார். வடக்குப் படைக்கு யார் தலைவர் என்பதில் சிக்கல் எழுந்தது.

கேப்டன்களில் கிளைவ் மிக இளையவர். முறையான படைப்பயிற்சி பெறாதவர். அவருக்குக் கீழே செல்வதை மூத்தவர்கள் விரும்பவில்லை. உடன் வரவேண்டிய மராத்திய, தஞ்சாவூர்க் குதிரைப்படையினரோ கிளைவ் தலைமை ஏற்றால் மட்டுமே வருவோம் என்றனர். மூப்பு வரிசையை மீறுவது எந்த நிறுவனத்திலும் எளிதன்று. மூப்பைக் காரணமின்றி மீறினால் நெடுநாள் உழைத்தவர்களின் மனம் முறியும். இங்கே காரணம் எல்லாருடைய கண்முன்னும் இருந்தது. கூடவே, கிளைவைத் தலைவராக்கிய முடிவின் சுமையை லாரன்ஸ் கிளைவின் தோளில் ஏற்றாமல் தானே சுமந்தார். ஏறத்தாழ 400 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள், குதிரைப்படையினர் ஆகியோருடன் கிளைவ் சமயபுரத்தில் முகாமிட்டார்.

அடுத்து நடந்தது, தலைமை பற்றிய பாடநூல்களில் இடம்பெறாத, ஆனால் இடம்பெற வேண்டிய நிகழ்வு. பிரெஞ்சு உதவிப்படை ஊட்டத்தூரில் தங்கியிருந்தபோது, அதைத் தாக்க லாரன்ஸ் தன் பக்கத்திலிருந்து கேப்டன் டால்டன் தலைமையில் ஒரு பிரிவை அனுப்பினார். டால்டனின் தாக்குதலைக் கிளைவின் முழுப்படை என்று எண்ணி, பிரெஞ்சுக்காரர் இரவோடு இரவாக வாலிகண்டபுரத்துக்குப் பின்வாங்கினர். இதற்குள் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்துவிட, டால்டனால் ஆற்றைக் கடந்து தன் இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஒரே கரையில் இரண்டு கேப்டன்கள். அவர்களுள் மூத்தவர் டால்டன். விதிப்படி கட்டளை அவருக்குப் போயிருக்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது தலைமை மாறக் கூடாது என்று கருதிய டால்டன், தன் ஆட்களைக் கிளைவிடம் ஒப்படைத்துவிட்டு, தானே அவருக்குக் கீழ் தன்னார்வலராகப் பணியாற்ற முன்வந்தார். ஊட்டத்தூரில் வென்றவர் அவர். அந்த வெற்றியோடு கட்டளையையும் கோரியிருந்தால் மறுப்பதற்கு ஆளில்லை. குடும்பத் தொழில்களில் அண்ணனும் தம்பியும், தந்தையும் மகனும் இப்படியோர் இடத்துக்கு வந்து நிற்கும்போது எத்தனை பேரால் இதைச் செய்ய முடிகிறது என்பதைத் தமிழ்நாட்டு வணிக வீதிகளை அறிந்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பிரெஞ்சுப் பக்கத்தில் நேர்மாறு. லாவின் செயல்பாட்டில் நிறைவில்லாத டூப்ளே, அவருக்குப் பதிலாகத் தலைமை ஏற்க டோத்தே என்ற மூத்த அதிகாரியை அந்த உதவிப்படையோடு அனுப்பிவைத்தார். ஆனால், டோத்தே ஸ்ரீரங்கத்தை அடையவே இல்லை. எனவே, பதவி பறிபோகப் போகிறது என்று தெரிந்த ஒருவர் தீவுக்குள் படையை நடத்த, பதவி ஏற்க வேண்டியவர் கொள்ளிடத்துக்கு அப்பால் ஊட்டத்தூரில் நிற்க, உண்மையான கட்டளைகள் புதுச்சேரியில் எழுதப்பட்டுக் கொண்டிருந்தன. ஒரு பணியாளருக்கு ஒரே மேலாளர் என்ற விதியைக் கட்டளை ஒருமை என்ற பெயரில் மேலாண்மையின் பதினான்கு கோட்பாடுகளுள் ஒன்றாக வைத்தவர் ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்க நிர்வாகி. அவருடைய நூல் 1916இல் வெளிவந்தது. இரட்டைக் கட்டளை நுழைந்த இடத்தில் பொறுப்பு மங்கும், பிணக்கு வளரும் என்று அவர் கண்டதை ஸ்ரீரங்கத்துத் தீவு முன்பே அனுபவித்திருந்தது. சந்தா சாகிபின் படையினர் அணி அணியாக விலகினர். வாலிகண்டபுரத்தில் டோத்தேவைக் கிளைவ் வளைத்துக்கொண்டபோது, இதற்குள் முகமது அலியோடு இணங்கிவிட்ட கில்லேதார் கோட்டையின் உள்வாயிலைத் திறக்கவில்லை. 1752 ஜூனில் டோத்தே சரணடைந்தார். சில நாள்களில் லாவும் ஏறத்தாழ 800 ஐரோப்பியரோடு சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பி அவரிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

திறமையில் டூப்ளே எவருக்கும் குறைந்தவர் அல்லர். இந்திய அரசுகளின் உட்பூசலை வணிக ஆதாயமாக மாற்ற முடியும் என்று முதலில் தெளிவாகக் கண்டவர் அவர். தன் சொந்தச் செல்வத்தையும் அதில் கொட்டினார். அவருடைய துபாஷியும் பெரிய வணிகருமான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு, ஆளுநர் மாளிகையின் உள்நடப்பை நாள்தோறும் காட்டுகிறது. ஆளுநரின் மனைவி தனியாக ஒற்றர்களை வைத்துக்கொண்டு நிர்வாகத்தில் தலையிட்டதையும், அதனால் முறையான அதிகாரிகள் ஒதுங்கியதையும் பிள்ளை மனக்கசப்போடு பதிகிறார். தொழில் வரலாற்றை எழுத விரும்பும் தமிழர் எவரும் இந்த நாட்குறிப்பைப் படிக்காமல் இருக்கக் கூடாது. ஒரு நிறுவனத் தலைவரை அவருடைய உள்ளூர்க் கூட்டாளி இத்தனை அருகிலிருந்து கவனித்து எழுதிய ஆவணம் வேறு மொழிகளிலும் அரிது.

டூப்ளேவின் பெருங்குறை மேல்நோக்கிய தகவலில் இருந்தது. பாரிஸ் இயக்குநர்கள் விரும்பியது சரக்கும் ஈவுத்தொகையும், போர் அன்று. அவர்களுக்கு வெற்றிகள் விரைவாகவும் தோல்விகள் தாமதமாகவும் குறைத்தும் சென்று சேர்ந்தன. உரிமையாளரின் நலனும் அவருக்காக நிர்வகிப்பவரின் நலனும் பிரியும்போது எழும் சிக்கலை முகவர் சிக்கல் என்று இன்றைய பொருளியலார் அழைக்கின்றனர். பிறர் பணத்தை நிர்வகிப்போரிடம் தம் பணத்தைக் காக்கும் விழிப்பை எதிர்பார்க்க முடியாது என்று ஆடம் ஸ்மித் 1776லேயே, இத்தகைய கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதினார். உண்மை தெரிந்த நாளில் இயக்குநர்களின் நம்பிக்கை ஒரேயடியாக அறுந்தது. 1754 ஆகஸ்டில் கோத்தேயு என்பவர் புதுச்சேரிக்கு வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள, டூப்ளே நாடு திரும்பினார். கம்பெனிக்காகச் செலவிட்ட பணத்தைத் திரும்பப் பெற வழக்காடியபடியே 1763இல் வறுமையில் இறந்தார்.

பேட்டையின் கணக்கு

இதுவரை சொன்னவை வென்ற கம்பெனியைப் போற்றுவதற்காக அல்ல. அதன் பிற்கால வரலாற்றை விட்டுவிட்டு அதன் தலைமைத் திறனை மட்டும் எடுத்துக் கற்பிப்பது, மேலாண்மைக் கல்வி செய்யக் கூடிய பெரிய தவறு. களத்தில் இருப்பவனுக்குத் தாராளமாக அதிகாரம் கொடுத்த அதே நிறுவனம், அவன் ஆளும் மக்களுக்கு அவன் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒருபோதும் கேட்கவில்லை. 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. 1769–70 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டபோதும் வரித் தண்டல் தளரவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனியே கடனில் மூழ்கிப் பிரிட்டிஷ் அரசிடம் கையேந்தியது. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அதன் மீது முதல் கடிவாளத்தைப் பூட்டியது.

அந்தப் போக்கின் தொடக்கம் வாலிகண்டபுரத்துப் பேட்டையிலேயே தெரிகிறது. அங்கே எரிந்த வீடுகளும் கடைகளும் இரண்டு கம்பெனிகளின் பேரேட்டிலும் செலவாக ஏறவில்லை. கில்லேதாரை இரண்டகக்காரர் என்று ஆங்கில நூல்கள் பழித்தாலும், இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சிறிய ஆளாகத் தன் ஊர் அழியாமல் காக்க அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வியை அந்நூல்கள் எழுப்புவதில்லை. ஒரே பெரிய நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறுதொழிலதிபர் எவருக்கும் அவருடைய நிலை புரியும்.

இவை அனைத்தும் பாடாலூர் வட்டாரத்தின் அன்றாடத் தொழிலுக்கு வெளியே இல்லை. செட்டிகுளம் பக்கம் அறுவடையான சின்ன வெங்காயத்தை விவசாயிகள் காற்றோட்டமான பட்டறை போட்டு, மேலே ஓலை வேய்ந்து, விலை வரும்வரை காத்து வைக்கிறார்கள். பட்டறையைப் பிரித்துக் காய்களைக் கையில் அள்ளி, தோல் உலர்ந்திருக்கிறதா, தாள் அழுகல் தொடங்கிவிட்டதா என்று பார்ப்பவர்தான் அன்றைய சரக்கின் உண்மை மதிப்பை அறிவார். கொள்முதலுக்கு வந்தவர் ஒவ்வொரு பட்டறைக்கும் தொலைபேசியில் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலைக் கேட்க வேண்டியிருந்தால், நல்ல சரக்கு அடுத்த வியாபாரியின் லாரியில் ஏறிவிடும். எல்லையைச் சொல்லி விலை நிர்ணய உரிமையை அவரிடமே விட்டு, வாரக் கடைசியில் கழிவுக் கணக்கைக் கண்டிப்பாகக் கேட்கும் முதலாளி, சாண்டர்ஸ் செய்ததையும் டூப்ளேவின் இயக்குநர்கள் செய்யத் தவறியதையும் சேர்த்தே செய்கிறார்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. எரிந்த பேட்டையைப் பேரேட்டில் ஏற்றும் முயற்சியாக, 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2015 முதல் கனிமச் சட்டமும் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சுரங்க உரிமையாளர் பணம் கட்ட வேண்டும் என்கிறது. பணம் கட்டுவது தலைமை அலுவலகத்தின் வேலை. சுரங்கச் சாலையில் புழுதி பறக்க, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் லாரிகள் அணிவகுக்கும்போது, அவற்றை அரை மணி நேரம் நிறுத்திவைக்கும் அதிகாரம் அங்கே நிற்கும் மேற்பார்வையாளருக்கு எழுத்து மூலமாகத் தரப்பட்டிருக்க வேண்டும். நிறுத்தியதால் குறைந்த டன் கணக்குக்காக அவர் மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிராத ஏற்பாட்டையும் அந்த நிறுவனத்தின் தலைவரே செய்து வைக்க வேண்டும்.